பழைய தேதி

அத்தியாயம் 17

ஒன்பது நாளாகிவிட்டது. தட்டாம்பூச்சி இன்னும் கிடைக்கவில்லை.

ஏழு வயது. ஐந்து மணி வகுப்பு, மூன்றாவது வரிசை. நின்ற இடத்தில் நிற்காத கால்கள் என்பதால் நடனப் பள்ளியில் அவளுக்கு அந்தச் செல்லப்பெயர். ஒன்பது நாளைக்கு முன்னால் வகுப்பு முடிந்ததும், வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்து "ஐ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அதோடு சரி. அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. போன் அணைந்து கிடக்கிறது.

வாசலில் நின்று அனுப்பிவைத்தவள் சின்னவள்.

அக்கா நடனம் சொல்லிக்கொடுப்பாள், சின்னவள் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள். பதினாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. சின்னவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, அக்காவுக்கு அவள் இன்னும் 'குட்டி'தான். குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். குழந்தையை வாசலில் நிறுத்தி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்க வேண்டும். குழந்தை ஆளைக் காட்டி உறவைச் சொன்னால் அனுப்பலாம். முழித்தால் அனுப்பக் கூடாது. நோட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

"குழந்தைக்குத் தெரியாததா, தன் ஆளு யாருன்னு?" என்று அக்கா பெருமையடித்துக்கொள்வாள்.

தட்டாம்பூச்சியும் சரியாகத்தான் சொன்னாள். "எங்கப்பா!" என்றாள். ஒரு குழந்தைக்குப் பிடித்த ஆளிடமெல்லாம் குழந்தையை ஒப்படைத்துவிட முடியாது என்பது அந்தப் பள்ளியில் யாருக்கும் அதுவரை உறைக்கவில்லை.

குழந்தையின் அம்மா ஒரு நர்ஸ். பணி முடிந்து ஆறேகாலுக்குத்தான் வந்து சேர்வாள். அப்பாவிடம் குழந்தையைத் தரக் கூடாது என்று மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதன் அடியிலேயே எழுதினாளாம். "உங்க கையிலதான் குடுத்தேன்" என்று சின்னவளின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

சின்னவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா போலீஸ் அதிகாரியிடம் சொல்லிவிட்டாள்.

"எங்க குட்டி ஒரு துண்டுக் காகிதத்தக்கூடத் தவறவிட மாட்டா மேடம். குடுத்திருந்தா இருக்கும். குடுக்கல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் ஒன்பது நாளாக மூச்சு விடுகிறாள். கொடுத்திருந்தால் நினைவிருக்குமே? இருக்காதா என்ன? சாப்பிட உட்காரும்போதும் அதே கேள்வி. குளிக்கும்போதும் அதே கேள்வி.

நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அதிகாரி மறுபடி வருகிறார். எல்லாப் படிவங்களும், யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

அதனால்தானோ என்னவோ, இன்று காலை அக்கா எழுந்ததும் எழாததுமாக, "குட்டி, நீ கேட்டுக்கிட்டே இருந்தியே அந்த சாப்ட்வேர், இன்னைக்கே பார்த்து முடிச்சுடலாம்" என்றாள்.

நாலு வருஷமாகச் சின்னவள் கெஞ்சிய விஷயம். நோட்டுப் புத்தகமே போதும், நமக்கெதற்கு அந்த ஆடம்பரம் என்று தட்டிக்கழித்தவள் அக்கா. ஒரு குழந்தை காணாமல் போக வேண்டியிருந்தது.

*

பள்ளி இருப்பது ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த நீளக் கூடம், அதையொட்டி உடைகள் வைக்கும் அறை, படியேறியதும் சின்னவளின் மேசை, பெற்றோர் உட்கார ஒரு பெஞ்சு. எழுபத்து மூன்று குழந்தைகளில் இப்போது நாற்பத்தெட்டுப் பேர்தான் வருகிறார்கள். மற்றவர்கள் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.

முதல் கம்பெனி வீடியோ அழைப்பில் லேப்டாப் திரையில் வந்தது. தொண்டை கட்டிய குரலில் ஒரு பெண் விளக்கினாள். எந்த வகுப்பில் யார், எந்த நேரத்துக்கு எந்தக் கூடம், வராத குழந்தையின் வீட்டுக்குத் தானாகப் போகும் தகவல் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது நீங்க ரொம்ப முக்கியமா பார்க்கணும். யார் யார் கூட்டிட்டுப் போகலாம்னு போட்டோவோட வரும். யார் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்கிறது கீழ சிவப்புக் கட்டத்துல வரும். அதுல ஒரு பேரு இருந்தா, அனுப்பற பட்டனே வேலை செய்யாது."

உள்ளங்கை அகலம்கூட இல்லாத கட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் இதை வாங்கியிருந்தால் அந்தக் குழந்தை இந்நேரம் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கக் காத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, இதையே வாங்கிடலாம்" என்றாள்.

அக்கா திரையை அவ்வளவு நேரம் பார்த்தாளா என்றே சந்தேகம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பழைய தேதி போட்டு ஏத்த முடியுமா?"

"தாராளமா ஏத்தலாம் மேடம். பழைய ரெக்கார்டு எல்லாருக்கும் இருக்கும்ல? ஆனா எந்தத் தேதியில, யாரு உக்காந்து ஏத்துனாங்கன்னு கீழயே காட்டும். அத மட்டும் யாராலயும் அழிக்க முடியாது. எங்களாலயும் முடியாது." அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு பெருமை.

"யோசிச்சு சொல்றோம்" என்று அக்கா லேப்டாப்பை மூடிவிட்டாள். அந்தப் பெண் 'நன்றி' என்பதில் பாதிதான் சொல்லியிருந்தாள். சின்னவளின் போனுக்குப் பதினைந்து நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க ஒரு கடவுச்சொல் வந்து சேர்ந்தது.

"ஏங்க்கா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"பேச்சே சரியில்ல. என்னமோ நம்மளத் திருடங்கிற மாதிரி."

*

இரண்டாவது கம்பெனிக்காரர் நேரிலேயே வந்தார். ஐம்பது வயது இருக்கும். மாடியேறிய களைப்பில் இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். திறந்தபின் மூடவில்லை.

"பாருங்க, பர்த்டே வந்தா தானா வாழ்த்து போயிடும். பாட்டோட போகும். வேற எவன் குடுப்பான் இத?"

மாதிரிக்கு ஒரு குழந்தையின் பெயரைப் போட்டு அழுத்தினார். போனிலிருந்து பீப்பீ என்று ஒரு பிறந்தநாள் இசை கிளம்பியது. அந்தக் கூடத்தில் ஒன்பது நாளாக யாரும் சத்தமாகச் சிரித்ததுகூட இல்லை. சின்னவள் எட்டி அதை நிறுத்தினாள். மனிதர் பாவம், விஷயம் தெரியாதவர்.

"பழைய தேதி போட்டு ஏத்த முடியுமா?" அக்கா கேட்டாள்.

"உங்க இஷ்டம்! எந்தத் தேதி வேணுமோ போட்டுக்கங்க. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம். எப்ப ஏத்துனதுன்னு எவனுக்கும் தெரியாது. உங்க பள்ளிக்கூடம், உங்க ராஜ்ஜியம்."

"இதுவே போதும்" என்றாள் அக்கா.

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. யாரிடம் குழந்தையை அனுப்பக் கூடாது என்று குறித்துவைக்க அந்த சாப்ட்வேரில் இடமே இல்லை. சின்னவள் கேட்டபோது மனிதர் தலையைச் சொறிந்து, "அடுத்த வெர்ஷன்ல வரும்மா" என்றார்.

அவர் சாப்ட்வேரை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதும், அக்கா படிவக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"எல்லாத்தையும் ஏத்திடு. தேதி, அந்தந்தப் புள்ள சேர்ந்த தேதி."

சின்னவள் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் வேகம். பெயர், வயது, வகுப்பு, அம்மா, அப்பா, போன். படிவ எண் முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்திரண்டு.

நிறுத்தினாள். கட்டை மறுபடி புரட்டினாள். நாற்பத்தொன்று இல்லை. நாற்பத்தொன்று யாருடையது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூடத்தில் அக்கா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாப்பத்தொண்ணு இல்ல."

அக்கா திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே அவளைப் பார்த்தாள்.

"அது இல்லாமலே ஏத்து. பேரு, வயசு உனக்குத் தெரியும். கூட்டிட்டுப் போறவங்கங்கிற இடத்துல அம்மா, அப்பா ரெண்டு பேரையும் போடு. தேதி போன வருஷம் ஜூன். நாளைக்கு அந்த போலீஸம்மா கேட்டா, காகிதத்த எல்லாம் போன வருஷமே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுக் கிழிச்சுப் போட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்."

இவ்வளவையும் அக்கா எதிர்வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஃபாரம் எங்கக்கா?"

"கேக்காத குட்டி."

"எங்கக்கா?"

*

உடைகள் வைக்கும் அறைக்குள் கூட்டிப்போய் அக்கா கதவைச் சாத்தினாள். பாட்டுப்பெட்டிக்கு அடியிலிருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். கையில் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காட்டினாள்.

படிவத்தின் அடியில் நீல மையில் நாலு வரி. 'என் மகளை என்னைத் தவிர யாருடனும் அனுப்ப வேண்டாம். குறிப்பாக அவள் அப்பாவுடன் வேண்டாம். தயவுசெய்து.' தயவுசெய்து என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு.

பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லும் ஒரு சுருக்கக் கையெழுத்தும். தேதி. அந்த எழுத்து சின்னவளுடையது.

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. நிகழ்ச்சிக்கான உடைகள் அளவு மாறி வந்திறங்கிய நாள். பதினெட்டுப் பெட்டி. ஒரு தாயார் போனில் கத்திக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி நேரில் கத்திக்கொண்டிருந்தாள். நடுவில் மருத்துவமனை உடுப்போடு அந்த நர்ஸ் நின்றாள். "கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றாள். சின்னவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே "சரிங்க சரிங்க" என்று கையெழுத்தைக் கிறுக்கிப் படிவக் கட்டுக்குள் சொருகிவிட்டாள். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்க்கா."

"யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் தவிர."

"நான்தான்க்கா அனுப்புனேன். எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. நான்..."

"உனக்காகத்தாண்டி இவ்வளவும்!" அக்காவின் குரல் உடைந்தது. "உன்ன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எந்தக் கால எடுத்து வச்சு ஆடுவேன்? அம்மா போனதுலேருந்து உன்ன யாரு பார்த்துக்கிட்டது? சொல்லு. இதையும் நான் பார்த்துக்கிறேன். நீ அந்த ஒரு வரிய மட்டும் ஏத்து."

அக்கா தாளை மறுபடி இழுப்பறைக்குள் வைத்தாள். தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சின்னவள் அழுதாள். அழுகையோடு அழுகையாக ஒரு வெட்கங்கெட்ட நிம்மதியும் வந்தது. அக்கா பார்த்துக்கொள்வாள். எப்போதும் பார்த்துக்கொண்டவள்தானே.

*

ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. மூன்றாவது வரிசையில் ஓர் இடத்தைக் குழந்தைகள் தாங்களாகவே காலியாக விட்டிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்தரைக்கு நர்ஸ் வந்தாள். முதல் இரண்டு நாள் கத்தினாள். அப்புறம் கத்துவதில்லை. தினமும் பணி முடியும் முன்பே சொல்லிக்கொண்டு கிளம்பி வந்து, பெஞ்சின் ஓரத்தில், வகுப்பு விடக் காத்திருக்கும் தாயாக உட்கார்ந்துகொள்கிறாள். வகுப்பு முடிந்து கடைசிக் குழந்தை படியிறங்கும் வரை இருந்துவிட்டுப் போகிறாள். மற்றத் தாய்மார்கள் இப்போதெல்லாம் கீழே டயர் கடை வாசலிலேயே நின்றுகொள்கிறார்கள். அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மகளின் மாற்று உடுப்பு இருப்பது சின்னவளுக்குத் தெரியும்.

சின்னவளின் முன்னால் லேப்டாப் திறந்திருந்தது. நாற்பத்தொன்று. அழைத்துச் செல்பவர்: அம்மா. அடுத்து அப்பா என்று மூன்றே எழுத்து. விரல் முதல் எழுத்தின்மேலேயே நின்றிருந்தது.

"உங்களுக்கு ஞாபகம் வந்துச்சாங்க?" நர்ஸ் கேட்டாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "எல்லாரும் நான் பொய் சொல்றேங்கிறாங்க. ஒம்பது நாளா தூங்காம எனக்கே புத்தி பிசகிடுச்சோன்னு நேத்து தோணிடுச்சு. எழுதவே இல்லையோ, எழுதணும்னு நினைச்சதத்தான் எழுதிட்டேன்னு நினைச்சுக்கிட்டேனோன்னு."

சின்னவளால் அதைத் தாங்க முடியவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவளிடமிருந்து அவள் நினைவையும் பறிப்பதா? இது எந்த ஊர் நியாயம்?

எழுந்து உடை அறைக்குள் போனாள். கூடத்தில் அக்கா, "ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்பு" என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பறை பூட்டியிருக்கவில்லை. தங்கையிடமிருந்து பூட்ட வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்காது. தாளை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

இரண்டாவது கம்பெனியை மூடினாள். முதல் கம்பெனியைத் திறந்தாள். காலையில் வந்த கடவுச்சொல்லைப் போட்டாள். தட்டாம்பூச்சியின் முழுப்பெயரை அடித்தபோது எழுத்துகள் கலங்கின. சிவப்புக் கட்டத்துக்குப் போய், தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீல மையில் இருந்த நாலு வரியையும் அப்படியே அடித்தாள். தயவுசெய்து வரை. அதற்குக் கீழே தன் பெயர். 'நான் பெற்றுக்கொண்டேன். படிக்கவில்லை.'

சேமிக்கவா என்று அது கேட்டது. சேமித்தாள். இன்றைய தேதி, ஐந்து மணி நாற்பத்தொரு நிமிடம் என்று அடியில் விழுந்தது. இனி யாராலும் அழிக்க முடியாது. இனி காகிதத்தை யார் கிழித்தாலும் கவலையில்லை.

பிறகு பெஞ்சுக்குப் போய், கீழே, தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க பொய் சொல்லலம்மா. எழுதுனீங்க. நான்தான் படிக்கல."

நர்ஸ் தாளை வாங்கினாள். தன் எழுத்தைத் தானே ரொம்ப நேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அன்னைக்கு அவ அழுதாளா?"

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் போனா."

"ம்." நர்ஸ் தலையாட்டினாள். "அவருக்கு நல்லா சிரிக்க வைக்கத் தெரியும். எனக்குத்தான் நேரமே இருந்ததில்ல."

அவள் தாளைத் திருப்பினாள். சின்னவள் அதுவரை திருப்பிப் பார்க்கவில்லை. தன் கையெழுத்து இருந்த பக்கமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. படிவங்களின் பின்பக்கம் அக்காவுடையது. ஒவ்வொரு குழந்தையின் ஆட்டத்தைப் பற்றியும் அவ்வப்போது அதில் எழுதிவைப்பாள், தேதியோடு. அந்த எழுத்துகளை அவள் கிழித்ததே இல்லை. இதையும் கிழிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

நர்ஸ் தாளை முகத்தருகே கொண்டுபோனாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'துள்ளல் அருமை. இடது குதிகால் இன்னும் ஊன்ற வேண்டும்.' இது போன மாசம். அடுத்தது..." அவள் குரல் சன்னமாகிவிட்டது. "'அம்மா எழுதியிருப்பதைப் பார்த்தேன். அப்பா இன்று நேரில் வந்து அழுதார். பாவமாக இருந்தது. நாளை வகுப்பு முடிந்து அம்மா வருவதற்குள் பத்து நிமிடம் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். புது எண் கொடுத்திருக்கிறார்.'"

அதன் கீழே ஒரு போன் எண். தேதி, தட்டாம்பூச்சி போனதற்கு முந்தின நாள்.

சின்னவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அக்காவின் உருண்டை உருண்டையான எழுத்து. சந்தேகமே இல்லை. உனக்காகத்தாண்டி என்று சொல்லி அணைத்துக்கொண்ட அந்தக் கைதான் எழுதியிருந்தது.

"இந்த நம்பர் எனக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது" என்றாள் நர்ஸ். "ஒம்பது நாளா இது இங்க இருந்திருக்கு."

கூடத்தில் தாளம் நின்றது. குழந்தைகளின் காலோசையும் ஒவ்வொன்றாக நின்றது. கதவருகில் அக்கா வந்து நின்றாள். தங்கை தரையில் இருப்பதைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பார்த்தாள்.

"குட்டி" என்றாள். "உள்ள வா. பேசிக்கலாம்."

நர்ஸ் தன் போனை எடுத்து, அதிகாரியின் எண்ணை வரவழைத்து, சின்னவளிடம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்க. நான் பேசுனா மறுபடியும் புருஷன் பொண்டாட்டி சண்டைம்பாங்க."

"குட்டி, வேணாம்."

சின்னவள் போனை வாங்கி அழுத்தினாள். மணி இரண்டு முறை அடித்தது. எடுத்துவிட்டார்கள். யார் பேசறது, என்ன விஷயம் என்று அதிகாரியின் குரல் கேட்டது. சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தில் பயத்தை அவள் பார்த்ததே இல்லை.

"டான்ஸ் ஸ்கூல்லேருந்து பேசறேன் மேடம்" என்றாள். "ஒரு நம்பர் இருக்கு, எழுதிக்கங்க. அப்புறம்... எங்க அக்காவப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்."